மயோனைஸ் முதல் எக் காபி வரை... பச்சை முட்டை சேர்க்கும் வெளிநாட்டு ரெசிபிகளை வீட்டில் பாதுகாப்பாகச் செய்வது எப்படி?

"ரெண்டு முட்டை, ஒரு கப் எண்ணெய், கொஞ்சம் வினிகர்... மிக்ஸியில ஒரு சுத்து சுத்தினா மயோனைஸ் ரெடி!" இப்படித் தொடங்கும் சமையல் வீடியோக்களைப் பார்க்காதவர்கள் இன்று குறைவு. மயோனைஸ் மட்டுமா? இத்தாலியின் டிராமிசு, பிரான்ஸின் சாக்லேட் மூஸ், வியட்நாமின் எக் காபி, கிறிஸ்துமஸ் நேரத்து எக்நாக் என்று ஒரு பெரிய பட்டியலே நம் வீட்டுச் சமையலறைக்குள் வந்துவிட்டது.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுவான விஷயம் உண்டு. மூல ரெசிபியில் முட்டை அடுப்பைப் பார்ப்பதே இல்லை. அல்லது பார்த்தும் பார்க்காமலும் வந்துவிடுகிறது.

பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டு தடை விதித்தது. அதற்கு முன்பே 2023-ல் கேரளாவும், 2024-ல் தெலங்கானாவும் இதே முடிவை எடுத்திருந்தன. ஆனால் இவை கடைகளையும் ஓட்டல்களையும் குறிவைத்து வந்த உத்தரவுகள். வீட்டுச் சமையலறைக்கு எந்த அதிகாரியும் வந்து சோதனை போடப் போவதில்லை. அங்கே நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் எப்படி தைரியமாகச் சாப்பிடுகிறார்கள்? நம் வீட்டில் அதே பதார்த்தங்களை ருசி குறையாமல், ஆபத்தும் இல்லாமல் செய்ய முடியுமா? விரிவாகப் பார்க்கலாம்.

பச்சை முட்டையில் என்ன பிரச்னை?

முக்கியமான வில்லன் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா. முட்டை ஓட்டின் மேல் ஒட்டியிருக்கும் அழுக்கில் இது இருக்கலாம் என்பது பலருக்கும் தெரியும். அதனால்தான் "கழுவிட்டா போச்சு" என்ற நம்பிக்கை.

ஆனால் சால்மோனெல்லா என்டரைடிடிஸ் என்ற வகை கோழியின் சினைப்பையிலேயே தொற்றிக்கொள்ளக்கூடியது. அதாவது ஓடு உருவாவதற்கு முன்பே முட்டைக்குள் போய்விடும். கீறல் இல்லாத, பளிச்சென்று சுத்தமாக இருக்கும் முட்டைக்குள்ளும் அது இருக்கலாம். நிறம், மணம், ருசி எதிலும் வித்தியாசம் தெரியாது.

எல்லா முட்டையிலும் இது இருக்குமா? இல்லை. அமெரிக்காவில் ஏறக்குறைய 20,000 முட்டைகளில் ஒன்றில் இருக்கலாம் என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் மதிப்பீடு. கேட்க ரொம்பக் குறைவாகத்தான் தெரியும். ஆனால் மயோனைஸ் போன்றவற்றில் பல முட்டைகளை ஒன்றாக உடைத்துக் கலக்குகிறோம். அதில் ஒன்று கெட்டாலும் முழுப் பாத்திரமும் கெட்டது. அதன்பிறகு அது சமையல் மேடையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான் ஆபத்தைத் தீர்மானிக்கிறது. 4 டிகிரி செல்சியஸுக்கு மேல், 60 டிகிரிக்குள் இருக்கும் வெப்பம் பாக்டீரியாக்களுக்குக் கொண்டாட்டம். சாதகமான சூழல் கிடைத்தால் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை அவற்றின் எண்ணிக்கை இரட்டிப்பாகும். சென்னை, மதுரை மாதிரி ஊர்களின் அறை வெப்பநிலையே அதற்குப் போதும்.

அப்போ ஜப்பானில் மட்டும் எப்படி?

ஜப்பானில் சூடான சோற்றின் மேல் பச்சை முட்டையை உடைத்து ஊற்றி, சோயா சாஸ் விட்டுக் கலந்து சாப்பிடுவது அன்றாடக் காலை உணவு. 'தமாகோ காகே கோஹான்' என்று அதற்குப் பெயர். குழந்தைகளில் இருந்து பெரியவர்கள் வரை சாப்பிடுகிறார்கள்.

அதற்குப் பின்னால் ஒரு பெரிய ஏற்பாடே இருக்கிறது. பண்ணையில் இருந்து வரும் முட்டைகள் தனி மையங்களில் கழுவப்பட்டு, கீறல் இருக்கிறதா என்று சோதிக்கப்பட்டு, தரம் பிரிக்கப்படுகின்றன. பாக்கெட்டில் ஒரு தேதி அச்சிடப்பட்டிருக்கும். 'இந்தத் தேதிக்குள் பச்சையாகச் சாப்பிடலாம்' என்பதுதான் அதன் அர்த்தம். பெரும்பாலும் இரண்டு வார அளவில்தான் இருக்கும். தேதி தாண்டினால் தூக்கிப் போட வேண்டியதில்லை. நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம்.

பிரிட்டனின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1988 டிசம்பரில் அங்கே சுகாதாரத் துறை இணை அமைச்சராக இருந்த எட்வினா கரி, நாட்டின் பெரும்பாலான முட்டை உற்பத்தி சால்மோனெல்லாவால் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பேசினார். முட்டை விற்பனை சரிந்தது. பண்ணையாளர்கள் கொந்தளித்தார்கள். இரண்டே வாரத்தில் அவர் பதவி விலக வேண்டியதாகிவிட்டது.

ஆனால் பிரச்னை உண்மையானது. 1998-ல் சிங்க முத்திரைத் திட்டம் வந்தது. இத்திட்டத்தில் சேர்ந்த பண்ணைகள் கோழிகளுக்கு சால்மோனெல்லா தடுப்பூசி போட்டே ஆக வேண்டும். எந்தப் பண்ணையில் இருந்து வந்தது என்று ஒவ்வொரு முட்டையையும் கண்டுபிடிக்க முடியும். சுமார் 20 ஆண்டுகள் கழித்து, 2017 அக்டோபரில்தான் அந்நாட்டு உணவுத் தர முகமை, சிங்க முத்திரை உள்ள முட்டைகளைக் கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள்கூட அரைவேக்காட்டில் சாப்பிடலாம் என்று அறிவித்தது.

அமெரிக்கா வேறு வழியில் போனது. அங்கே முட்டையைக் கழுவி, உடனே குளிர்பதனத்தில் வைத்து, கடை வரை குளிரிலேயே கொண்டுபோகிறார்கள். அப்படியும் 2010-ல் அயோவா மாநிலப் பண்ணைகளில் இருந்து வந்த 50 கோடிக்கும் அதிகமான முட்டைகளைத் திரும்பப் பெற வேண்டிய நிலை வந்தது. முட்டையை மஞ்சள் கரு கெட்டியாகும் வரை சமைக்கச் சொல்லும் எச்சரிக்கை வாசகம் இன்றும் அங்கே முட்டை அட்டைப்பெட்டியில் இருக்கிறது. பச்சையாகச் சேர்க்கும் ரெசிபிகளுக்கு, கிருமி நீங்கும் அளவுக்கு மிதமாகச் சூடாக்கப்பட்ட 'பாஸ்டுரைஸ்டு' முட்டையைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள்.

ஆக, தடுப்பூசி, குளிர்பதனம், தேதி முத்திரை, பண்ணை அடையாளம் என்று பல அடுக்குப் பாதுகாப்புக்குப் பிறகுதான் அந்த ரெசிபி தொடங்குகிறது. வீடியோவில் ரெசிபி மட்டும் நம்மிடம் வந்து சேர்கிறது. நம் தெருமுனை மளிகைக் கடையில் முட்டை அட்டையில் அடுக்கி, சாதாரண வெப்பத்தில்தான் இருக்கிறது. என்றைக்கு இட்ட முட்டை என்று கடைக்காரருக்கே தெரியாது. ஆம்லெட்டுக்கும் குழம்புக்கும் இது பிரச்னையே இல்லை. அடுப்பு பார்த்துக்கொள்ளும். பச்சையாகச் சேர்க்கும்போதுதான் கணக்கு மாறுகிறது.

எலுமிச்சை, வினிகர், ஆல்கஹால் கிருமியைக் கொல்லாதா?

புளிப்பு, பாக்டீரியா வளர்வதைத் தடுக்கும். ஆனால் வீட்டில் ஒரு ஸ்பூன், அரை ஸ்பூன் என்று கண்ணளவில் ஊற்றும் எலுமிச்சைச் சாற்றை நம்பி முட்டை பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. பாட்டிலில் விற்கும் மயோனைஸில் பாஸ்டுரைஸ் செய்த முட்டையைச் சேர்க்கிறார்கள், அல்லது முட்டையே சேர்ப்பதில்லை. புளிப்பின் அளவும் துல்லியமாக இருக்கும். அதையும் வீட்டு மயோனைஸையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.

எக்நாக்கில் ரம் ஊற்றினால் கிருமி செத்துவிடும் என்பதும் அரைகுறை உண்மைதான். பாலும் முட்டையும் கலந்த பிறகு ஆல்கஹாலின் வீரியம் குறைந்துவிடும். ஊற்றிய உடனே குடித்தால் எந்தப் பாதுகாப்பும் கிடையாது.

மேஜிக் நம்பர் 71

முட்டைக் கலவை 71 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைத் தொட்டால் சால்மோனெல்லா அழிந்துவிடும். இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்தால் போதும்.

"அந்தச் சூட்டில் முட்டை பொரியலாகிவிடாதா?" என்று கேட்கலாம். தனி முட்டையாக இருந்தால் ஆகும். மஞ்சள் கரு 65 டிகிரியில் கெட்டியாகத் தொடங்கி, 70 டிகிரி அளவில் இறுகிவிடும். ஆனால் சர்க்கரை, பால் அல்லது மாவுச்சத்து கலந்துவிட்டால் இறுகும் வெப்பநிலை மேலே போகும். கஸ்டர்டை 80 டிகிரிக்கு மேல் சூடாக்கியும் அது வழவழப்பாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு வேண்டியது இரண்டே பொருள். ஒன்று, டபுள் பாயிலர். தனியாக வாங்க வேண்டாம். பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தண்ணீரைத் தொடாத மாதிரி மேலே ஒரு கிண்ணத்தை வைத்தால் அதுதான் டபுள் பாயிலர். இன்னொன்று, கிச்சன் தெர்மாமீட்டர். கண்ணால் பார்த்து 71 டிகிரியைச் சொல்ல முடியாது என்பதால், இந்த ரெசிபிகளை அடிக்கடி செய்பவர்கள் ஒன்று வாங்கி வைப்பது நல்லது.

இனி ஒவ்வொரு பதார்த்தமாகப் பார்க்கலாம்.

மயோனைஸ்: முட்டையே வேண்டாம்

எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்து வைப்பதுதான் மயோனைஸில் முட்டையின் வேலை. அந்த வேலையைச் செய்ய வேறு ஆட்களும் இருக்கிறார்கள்.

போர்ச்சுகல், பிரேசில் வீடுகளில் பாலில் மயோனைஸ் செய்கிறார்கள். காய்ச்சி, ஃபிரிட்ஜில் குளிரவைத்த கொழுப்பு நிறைந்த பால் 100 மி.லி., மணமில்லாத எண்ணெய் 200 மி.லி., ஒரு சிறு பல் பூண்டு, உப்பு ஆகியவற்றை உயரமான பாத்திரத்தில் ஊற்றுங்கள். ஹேண்ட் பிளெண்டரை அடிவரை இறக்கி ஓடவிடுங்கள். அடியில் கெட்டியாகத் தொடங்கியதும் மெதுவாக மேலே தூக்குங்கள். கடைசியில் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் இன்னும் இறுகும். பாலில் உள்ள புரதமே இங்கே முட்டையின் வேலையைச் செய்துவிடுகிறது. ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

ஷவர்மாவுக்குத்தான் மயோனைஸ் வேண்டும் என்கிறீர்களா? லெபனான், சிரியாவில் சிக்கன் ஷவர்மாவுக்குத் தொட்டுக்கொள்ளும் பாரம்பரிய சாஸ் 'தூம்'. அரபியில் பூண்டு என்று அர்த்தம். பூண்டு, உப்பு, எலுமிச்சை, எண்ணெய் அவ்வளவுதான். உரித்த பூண்டை உப்புடன் மைய அரைத்து, எண்ணெயை நூல் மாதிரி மெதுவாக ஊற்றிக்கொண்டே, இடையிடையே எலுமிச்சைச் சாறு விட்டு அடித்தால் வெள்ளை வெளேரென்று நுரைத்து வரும். பூண்டும் எண்ணெயும் சேர்ந்ததை வெளியே வைப்பதும் ஆபத்து. எனவே இதற்கும் ஃபிரிட்ஜ் கட்டாயம்.

முட்டை ருசி இருந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு பிரான்ஸின் 'கிரிபிஷ்' சாஸ். நன்றாக வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவை மசித்து, கடுகு பேஸ்ட், வினிகர், எண்ணெய் சேர்த்து அடித்து, வெள்ளைக் கருவைப் பொடியாக நறுக்கிக் கலப்பார்கள். சாண்ட்விச்சுக்கு அருமையாக இருக்கும்.

கார்பொனாரா: பாஸ்தா பாத்திரமே அடுப்பு

இத்தாலியின் ரோம் நகரத்து அன்றாட உணவு இது. வெந்த பாஸ்தாவை அடுப்பில் இருந்து இறக்கி, அந்தச் சூட்டிலேயே முட்டையையும் சீஸையும் கலப்பார்கள். பாஸ்தா சற்று ஆறியிருந்தால் முட்டை பச்சையாகவே நின்றுவிடும்.

பாதுகாப்பான வழி: பாஸ்தா கொதிக்கும் பாத்திரத்தின் மேலேயே ஒரு கிண்ணத்தை வைத்து, அதில் மஞ்சள் கரு, துருவிய சீஸ், மிளகுத்தூள், ஒரு கரண்டி பாஸ்தா தண்ணீர் சேர்த்து ஆவியில் அடியுங்கள். தண்ணீரில் உள்ள மாவுச்சத்து முட்டை திரியாமல் காப்பாற்றும். கலவை 71 டிகிரி வந்து கெட்டியானதும் பாஸ்தாவில் ஊற்றிக் கலந்துவிடலாம்.

இந்த வேலையே வேண்டாம் என்றால், அதே ரோம் நகரத்தின் 'காச்சோ எ பெப்பே' இருக்கிறது. சீஸ், மிளகு, பாஸ்தா தண்ணீர் மட்டும்தான். முட்டைக்கு அங்கே வேலையே இல்லை.

டிராமிசு: அஞ்சு நிமிட வேலைதான் கூடுதல்

இத்தாலியின் ட்ரெவிசோ நகரத்தோடு சேர்த்துப் பேசப்படும் இனிப்பு இது. காபியில் நனைத்த பிஸ்கெட், அதன்மேல் மஸ்கார்போனே சீஸ் கிரீம். அந்தக் கிரீமில்தான் பச்சை மஞ்சள் கரு ஒளிந்திருக்கிறது.

மூன்று மஞ்சள் கரு, 75 கிராம் சர்க்கரை, இரண்டு ஸ்பூன் பால் மூன்றையும் டபுள் பாயிலரில் வைத்துக் கைவிடாமல் அடியுங்கள். வெளிர் மஞ்சளாகி, நுரைத்து, 71 டிகிரி வந்ததும் இறக்கி, முழுவதும் ஆறவிடுங்கள். பிறகு 250 கிராம் மஸ்கார்போனே சேர்க்கலாம். வெள்ளைக் கரு நுரைக்குப் பதிலாக விப்பிங் கிரீமை அடித்துச் சேர்த்தால் வேலை முடிந்தது. 'ஜபாலியோனே' என்ற பழைய இத்தாலிய இனிப்பும் முட்டையை இப்படி ஆவியில் அடித்துத்தான் தயாராகிறது. அதனால் ரெசிபியைக் கெடுத்துவிட்டோமோ என்று கவலைப்பட வேண்டியதில்லை.

சாக்லேட் மூஸ்: சுண்டல் தண்ணீரைக் கொட்டாதீங்க

பிரெஞ்சு வீடுகளில் மூஸுக்கு வெள்ளைக் கருவைப் பச்சையாகவே நுரைக்க அடித்துச் சேர்ப்பார்கள். அதே நுரையைக் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரில் கொண்டுவரலாம் என்பது கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவிய சமையல் யுக்தி. 'அக்வாஃபாபா' என்று பெயர்.

உப்புப் போடாமல் கடலையை வேகவைத்து, அந்தத் தண்ணீரை வெள்ளைக் கரு பதத்துக்குச் சுண்டக் காய்ச்சி, குளிரவைத்து பீட்டரால் அடித்தால் நுரை பொங்கி வரும். உருக்கி ஆறிய சாக்லேட்டுடன் மெதுவாகக் கலந்து ஃபிரிட்ஜில் வைத்தால் மூஸ் ரெடி. கடலை சுண்டலுக்கு, தண்ணீர் மூஸுக்கு!

எக் காபி, எக்நாக்: சூடான காபி ஊற்றினால் போதாதா?

வியட்நாமின் ஹனோய் நகரில் 1946-ல் பாலுக்குத் தட்டுப்பாடு. அங்கே மெட்ரோபோல் ஓட்டலில் வேலை பார்த்த ஒருவர், பாலுக்குப் பதில் மஞ்சள் கருவை நுரைக்க அடித்துக் காபியில் சேர்த்ததுதான் எக் காபியின் தொடக்கம் என்கிறார்கள். இன்று அது அந்த நகரத்தின் அடையாளம்.

கீழே காபி கொதிக்கச் சூடாக இருந்தாலும் மேலே மிதக்கும் முட்டை நுரைக்குள் அந்தச் சூடு முழுதாக ஏறாது. எனவே இரண்டு மஞ்சள் கருவையும் மூன்று ஸ்பூன் கண்டென்ஸ்டு மில்க்கையும் முதலில் டபுள் பாயிலரில் 71 டிகிரி வரை அடித்து, இறக்கிய பிறகு நன்றாக நுரைக்க அடியுங்கள். கீழே ஊற்ற நம்ம ஃபில்டர் டிகாக்‌ஷனே தாராளம்.

எக்நாக்கும் இதே கதைதான். அரை லிட்டர் பால், நான்கு மஞ்சள் கரு, சர்க்கரை சேர்த்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே 71 டிகிரிக்குக் கொண்டுவந்து, உடனே குளிரவைத்து, மேலே ஜாதிக்காய்த் தூள் தூவினால் போதும்.

ஹாஃப் பாயில், கலக்கி, ஜிம் முட்டை?

வெளிநாட்டு ரெசிபியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மஞ்சள் கரு வழியும் ஹாஃப் பாயிலும், கொங்கு பக்கத்துக் கலக்கியும் இதே கணக்கில்தான் வரும். ஆரோக்கியமான ஒருவருக்கு ஆபத்து குறைவு. குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு முழுதாக வெந்த முட்டையே நல்லது.

"பச்சையா குடிச்சாதான் சத்து" என்பதும் தவறு. 1998-ல் பெல்ஜியம் ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில், வெந்த முட்டையின் புரதத்தில் சுமார் 90 சதவீதம் உடலில் சேர்ந்தது. பச்சை முட்டையில் சுமார் 50 சதவீதம்தான். பாதி காசு வீண்!

முட்டை வாங்கும்போதும் வைக்கும்போதும்...

- கீறல் விட்ட முட்டையை விலை குறைவு என்று வாங்க வேண்டாம்.
- வாங்கி வந்ததும் கழுவி அடுக்க வேண்டாம். ஓட்டின் மேலுள்ள பாதுகாப்புப் படலம் போய்விடும். ஓட்டில் இருக்கும் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியே அழுக்குத் தண்ணீர் உள்ளே போக வாய்ப்பு உண்டு.
- ஃபிரிட்ஜில் வைத்ததை வெளியே, மறுபடி உள்ளே என்று மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.
- முட்டை உடைத்த கை, கிண்ணம், மேடையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
- முட்டை சேர்த்த கிரீம், சாஸ் எதையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். வெயில் காலத்தில் ஒரு மணி நேரம்தான்.
- வீட்டில் செய்த மயோனைஸ் தடவிய சாண்ட்விச்சைக் குழந்தையின் லஞ்ச் பாக்ஸில் கொடுத்து அனுப்ப வேண்டாம். மதியம் வரை அது வகுப்பறைச் சூட்டில்தான் இருக்கும்.

சாப்பிட்ட பிறகு உடம்பு சரியில்லை என்றால்?

சால்மோனெல்லா தொற்றின் அறிகுறிகள் 6 மணி நேரம் முதல் 6 நாட்களுக்குள் தெரியலாம். வயிற்றுப்போக்கு, காய்ச்சல், வயிற்றுவலி, வாந்தி ஆகியவை முக்கிய அறிகுறிகள். கடைசியாகச் சாப்பிட்ட சாப்பாட்டை மட்டும் சந்தேகப்படாமல், கடந்த சில நாட்களில் சாப்பிட்டதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு நான்கு முதல் ஏழு நாட்களில் தானாகவே சரியாகிவிடும். அதுவரை உடலில் நீர் குறையாமல் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மலத்தில் ரத்தம், அதிகக் காய்ச்சல், மூன்று நாட்களுக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, சிறுநீர் குறைவது, மயக்கம் போன்றவை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றால் இவற்றுக்காகக் காத்திருக்காமல் தொடக்கத்திலேயே மருத்துவரைப் பாருங்கள். மெடிக்கலில் கேட்டு நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள்.

அடுத்த முறை புது ரெசிபி வீடியோ பார்க்கும்போது, முட்டை உடைக்கும் இடத்தில் ஒரு நொடி நிறுத்துங்கள். இந்த முட்டை எந்த இடத்தில் சூடாகிறது என்று தேடிப் பாருங்கள். எங்கேயும் சூடாகவில்லை என்றால், கிண்ணத்தை டபுள் பாயிலரில் ஏற்றிவிடுங்கள்.